உடனுறைந்து கற்றது

விடுதி வாழ்க்கையின் பயன்களைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். பயன்களை எழுதுமுன் என் பிழையொன்றை ஒப்புக்கொள்வது முறையாகும். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து இயற்பியல் முதுகலை பயிலக் காசிக்கு வந்த நான், முதல் மாதத்திலேயே விடுதியை விட்டு ஓடத் திட்டமிட்டேன்.

காரணம் பெரிதன்று. மெஸ்ஸில் சோறு குறைவு, ரொட்டி மிகுதி. இந்தி எனக்குப் புரியவில்லை. என் ஆங்கிலம் பிறருக்குப் புரியவில்லை. அறைத் தோழரோ பீகார்க்காரர், வேதியியல் மாணவர், விடியுமுன் எழுந்து உரக்கப் படிப்பவர். பாரதியார் இளமையில் வாழ்ந்த அனுமான் காட் பகுதியில் தமிழ் நண்பர் மூவர் வீடெடுத்துத் தங்கியிருந்தனர். "தினமும் சாம்பார் உண்டு, வந்துவிடு" என்று அழைத்தனர். பருவம் முடிந்ததும் போய்விடுவதென்று முடிவு செய்தேன்.

அதற்குள் தேர்வு முடிவு வந்தது. புள்ளியியல் இயக்கவியலில் நான் தேறவில்லை. தொலைபேசியில் அப்பா கேட்டபோது, "நன்றாகவே எழுதியிருக்கிறேன், அப்பா" என்று பொய் சொன்னேன். தமிழறியாத தோழர் என் குரலை அறிந்துகொண்டார். கேட்டார், சொன்னேன். அவர் ஆறுதல் கூறவில்லை. "இன்றிரவு எனக்கு என்ட்ரோபி பாடம் சொல்லிக் கொடுங்கள்" என்றார். தேறாதவனிடமா பாடம்!

தொடங்கினேன், ஐந்தாம் நிமிடத்தில் தடுமாறினேன். வகுப்பில் தலையசைத்து மறைத்துவைத்த அறியாமைக்கு அந்தச் சிற்றறையில் ஒளிய இடமில்லை. மறுநாள் படித்துவிட்டு மீண்டும் சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து ஒடியாக் கணித மாணவரும் வந்து சேர்ந்தார். டிசம்பர் மூடுபனியில் நால்வர், ஐவர் என வளர்ந்தது எங்கள் கூட்டம். அவர்களுடைய சத்து மாவும் எங்கள் வீட்டு இட்லிப் பொடியும் ரொட்டிக்குத் துணையாயின.

ஒருநாள் கிப்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் பெயரால் வழங்கும் புதிரை விளக்கினேன். ஒரு பெட்டியின் நடுவே தடுப்பு. இருபுறமும் ஒரே வாயு, ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் எனில், தடுப்பை எடுத்தாலும் என்ட்ரோபி மாறுவதில்லை. வாயுக்கள் வேறு வேறாயின் அது கூடிவிடும். கலந்தவை மீண்டும் தாமாகப் பிரிவதும் இல்லை. தோழர் சிரித்தார். "அனுமான் காட்டுக்குப் போயிருந்தால் உங்கள் என்ட்ரோபி மாறியே இராது, பாயி!" என்றார்.

அன்றிரவே அப்பாவை அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். பின்னர் வந்த மறுதேர்வில் தேறினேன்.

நம் பல்கலைக்கழகத்தை நிறுவிய 1915ஆம் ஆண்டுச் சட்டம், தன் முகப்பிலேயே இதனைக் கற்பிக்கும், உடனுறையும் பல்கலைக்கழகம் என்று குறிக்கின்றது. கற்பித்தலும் உடனுறைதலும் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்பதை இருபத்துமூன்றாம் வயதில் நான் அறிந்துகொண்டேன்.

இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையரே! ஞாயிறுதோறும் அனுமான் காட்டுக்குச் சென்று சாம்பார் உண்ணுங்கள்; நானும் வருவேன், என் தோழரையும் அழைத்துக்கொண்டு. இரவானதும் மட்டும் மறவாமல் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள்.