உம்மும்மா தந்த தேத்தண்ணி

தவணைப் பரீட்சை முடிந்த அன்று இரவு, "இந்த லீவுக்குக் காலிக்குப் போவோம்" என்றார் வாப்பா. நான் உடனே கொப்பியின் கடைசித் தாளில் ஒரு பட்டியல் எழுதினேன். கோட்டை மதில், வெளிச்சவீடு, ரேந்தைக் கடை, எருமைத் தயிரும் கித்துள் பாணியும். பெருநாள் காசில் மிச்சம் பிடித்த ஐயாயிரம் ரூபாவையும் எண்ணி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை உம்மும்மாவும் வருவதாகச் சொன்னார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலியால் பத்து அடி நடந்தால் ஓரிடத்தில் உட்கார வேண்டும். குசினியில் உம்மாவிடம், "உம்மும்மா வந்தா ஒண்டும் பார்க்க ஏலாது. நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கணும்" என்று முணுமுணுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கதவடியில் நின்றார். ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்குறணையிலிருந்து கொழும்புக்கு வந்து, பெரியும்மா வீட்டில் ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் காலை கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினோம். மாத்தறைப் பாதையில் வலப்பக்க ஜன்னலோரம் கிடைப்பது அதிர்ஷ்டம். அந்த இடம் உம்மும்மாவுக்குத்தான் கிடைத்தது. அவர் எழுந்து அதை எனக்குத் தந்தார். "நான் பார்த்த கடல்தானே மகள்" என்றார். மலைநாட்டில் வளர்ந்த எனக்கு, கையை நீட்டினால் தொடலாம் போல ஓடிவந்த அந்தக் கடலைப் பார்த்து அலுக்கவில்லை.

ஹிக்கடுவையை நெருங்கும்போது ரயில் பெட்டியில் பலர் பேச்சை நிறுத்தினர். தெல்வத்தை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலைகள் ஒரு ரயிலையே புரட்டிப்போட்ட இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர். அது நான் பிறப்பதற்கு முன் நடந்தது. எனக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பந்தி. உம்மும்மாவின் உதடுகள் துஆவில் அசைந்துகொண்டிருந்தன.

காலி நிலையத்தில் இறங்கி, முச்சக்கர வண்டியில் கோட்டைக்குள் போனோம். இந்த ஊரில் முதலில் கோட்டை அமைத்தவர்கள் போர்த்துக்கேயர். 1640இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, இன்று நாம் காணும் பெரிய மதில்களை எழுப்பினார்கள். பின்னர் 1796இல் பிரித்தானியர் வந்தனர். துறைமுகத்தைப் பார்த்த பழைய வாசலின் உட்புறத்தில், இரண்டு சிங்கங்களுக்கு மேலே ஒரு சேவல் நிற்க, 1669 என்று ஆண்டு பொறித்த ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம் இருக்கிறது. அதே வாசலின் வெளிப்புறத்தில் பிரித்தானியரின் சின்னம். ஒரே வாசலுக்கு இரண்டு எஜமானர்கள்!

மதில் மேல் காற்று முந்தானையைப் பறித்தது. கீழே துறைமுகம் அமைதியாகக் கிடந்தது. 1880களில் கொழும்பில் அலைத்தடுப்பு கட்டி முடியும் வரை, இலங்கைக்கு வரும் பெரிய கப்பல்கள் நின்றது இங்கேதான். 14ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதாவும் தன் பயண நூலில் இந்த ஊரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். வரலாறு படிக்கிறவள் என்ற பெருமையில், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டைப் பற்றியும் சொன்னேன். 1409ஆம் ஆண்டுத் திகதி இடப்பட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. 1911இல் இந்தக் காலியில்தான் அதைக் கண்டெடுத்தார்கள்.

"எங்க அந்தக் கல்லு? காட்டுங்க பார்ப்பம்" என்றார் உம்மும்மா.

"இங்க இல்ல. கொழும்பு நூதனசாலையில இருக்கு."

"அப்ப அதுவும் எங்களப் போல ஊர விட்டுப் போயிட்டு" என்று சிரித்தார்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். வெள்ளை வெளேரென்று இரண்டு கோபுரங்களோடு, தூரத்தில் பார்த்தால் தேவாலயம் என்றே நினைக்கத் தோன்றும். வாப்பா ளுஹர் தொழப் போனார். நாங்கள் மூவரும் உம்மும்மாவின் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருவரின் வீட்டில் தொழுதோம். கோட்டைக்குள் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய குடும்பங்களில் ஒன்று. சுனாமி நாளில் வெளியே பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் கடல் வாரிக்கொண்டு போனபோது, இந்த மதில்தான் தங்களைக் காத்ததாக அந்தப் பாட்டி சொன்னார். வாப்பாவும் வந்து சேர, சிவப்பரிசிச் சோறும் கொறுக்காய்ப் புளி போட்டு வற்றவைத்த மீனும் தந்து, பிறகு நான் பட்டியலில் எழுதிய தயிரையும் பாணியையும் கொண்டுவந்து வைத்தார். கடையில் தேடவே வேண்டியிருக்கவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்ததும், "ரேந்தைக் கடைக்குப் போவமா?" என்று கேட்டேன். உம்மும்மா தயங்கி, "இரண்டு தெரு தள்ளித்தான் எங்கட ஊடு. ஒருக்காப் பார்த்திட்டுப் போவம்" என்றார்.

அவர் பிறந்த வீடு கோட்டைக்குள் இருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது எங்கே என்று ஒரு நாளாவது கேட்டதில்லை.

அந்த வீடு இப்போது ஒரு சிறிய ஹோட்டல். தூண் வைத்த விறாந்தையில் வெளிநாட்டவர் இருவர் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தனர். உம்மும்மா தெருவில் நின்றே பார்த்தார். "உள்ளுக்குப் போவம் மாமி" என்று வாப்பாதான் அழைத்துப் போனார். உள்முற்றத்தில் ஒரு மேசையில் அமர்ந்து தேநீர் கேட்டோம். பணியாள் மரியாதையாக, எங்கிருந்து வருகிறீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தார். நான் வாயைத் திறக்குமுன் உம்மும்மா மேசைக்கடியில் என் கையைப் பிடித்து, "அக்குறணை" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவர் அழுவார் என்று பயந்தேன். அவரோ கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்து ரசித்தார். "கிணத்த மூடல்ல, நல்ல வேலை." "இந்த மூலைதான் மழைக்கு ஒழுகும். மூணு சட்டி வைப்பம். இப்ப ஓடு மாத்தியிருக்காங்க, பாருங்க."

எனக்குத்தான் கோபம் வந்தது. "உங்கட ஊட்டுல நாம ஏன் காசு கொடுத்து உட்காரணும்?" என்றேன்.

"வித்தது நாங்க, மகள். ஒருத்தரும் புடிச்சுத் தள்ளல்ல" என்றார். "ஏழு பேருக்குப் பங்கு. இது உலக மரபுரிமையான இடம், நினைச்ச மாதிரி இடிச்சுக் கட்ட ஏலாது. பழைய மாதிரியே திருத்தணும். அதுக்கு எங்ககிட்ட எங்க காசு? கடைசியில எல்லாரும் கையெழுத்து வெச்சம். என்ட பங்குக் காசிலதான் அக்குறணையில மேல்மாடி எடுத்தது. நீங்க படிக்கிற அறை."

நான் பேசவில்லை. கதவில் என் பெயரை ஒட்டி, தம்பியைக் கூட உள்ளே விடாமல் "என் அறை" என்று நான் சண்டை பிடிக்கும் அறை. பரீட்சைக்கு இரவிரவாக விழித்திருக்கும் அறை. அது இந்த முற்றத்திலிருந்து வந்தது.

பற்றுச்சீட்டு வந்தது. நான்கு தேநீருக்கு, வெளியே நால்வர் சோறு சாப்பிடும் காசு. வாப்பா பணப்பையை எடுத்தார். உம்மும்மா அவர் கையைத் தடுத்து, கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்தார்.

"வைங்க மருமகன். இண்டைக்கு நீங்க எல்லாரும் என்ட ஊட்டுக்கு வந்திருக்கீங்க. தேத்தண்ணி நான்தான் கொடுக்கணும்."

பிறகு ரேந்தைக் கடைக்கும் போனோம். ஒரு பெண் தலையணையில் ஊசிகள் குத்தி, மரக் கட்டைகளை மாறி மாறிப் போட்டு பீரளு ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கென்று தெரிவு செய்திருந்த மேசை விரிப்பை வைத்துவிட்டு, இரண்டு யார் ரேந்தை வாங்கினேன். உம்மும்மா அதை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல நூல்" என்றார். அது அவருடைய தொழுகை உடுப்புக்குத்தான் என்று அப்போது சொல்லவில்லை. அன்று முழுக்க அவர் பல இடங்களில் உட்கார்ந்தார். நானும் கூடவே உட்கார்ந்தேன். பட்டியலில் எதையும் தவறவிடவில்லை.

வீட்டுக்கு வந்த இரவு அக்குறணையில் பெருமழை. ரேந்தையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி உம்மும்மாவின் கட்டிலருகே போனேன். குசினியில் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் கண் திறந்து கேட்டார்:

"என்ன மகள், மேல ஒழுகுதா?"

"இல்ல உம்மும்மா. ஒரு சொட்டும் ஒழுகல்ல."