தெரிந்தே வாங்கிய நிலம்

மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் நிலம் வாங்கினேன். வீடு கட்டிச் சில ஆண்டுகள் குடியிருந்தேன். பிறகு நல்ல லாபத்துக்கு விற்றேன். அது பஞ்சமி நிலம். விற்கும்போது மட்டுமல்ல, வாங்கும்போதே அது எனக்குத் தெரியும்.

ஏமாந்துவிட்டேன் என்றுதான் இதுவரை நண்பர்களிடம் சொல்லி வந்தேன். அது பொய். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் கோவளம் தொடங்கி கல்பாக்கம் வரை நிலத்தின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோரும் அறிந்ததே. ஓய்வுக்காலத்தைச் சென்னை நெரிசலில் கழிக்கக்கூடாது, கடற்காற்று வரும் ஊரில் கழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சாலையை ஒட்டிய மனைகள் என் கைக்கு எட்டவில்லை. உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பும் பனைமரங்களுமாக இருந்த ஒரு புஞ்சையைத் தரகர் காட்டினார். சுற்றுவட்டார விலையில் பாதிகூட இல்லை. ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி எனக்கு எழுந்தது. அதை நான் கேட்கவில்லை.

தரகர் கொடுத்த ஆவணக் கட்டில் பட்டா, சிட்டா, புலப்படம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. கூடவே பழைய அ-பதிவேட்டின் நகல் பக்கம் ஒன்றும் இருந்தது. அதில் அந்த நிலத்தின் சர்வே எண்ணுக்கு நேராக, குறிப்புக் கலத்தில் 'டி.சி. கண்டிஷன்' என்று எழுதியிருந்தது. என்ன இது என்று கேட்டேன். "அது அந்தக் காலத்து எழுத்து சார். யு.டி.ஆர்.ல எல்லாம் மாறிப்போச்சு. இப்ப பட்டா கம்ப்யூட்டர்லயே வருது, பாருங்க" என்றார்.

கட்டை வழக்கறிஞரிடம் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு பக்கத்தை உருவி எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் பார்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அவர் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே எடுத்தேன். என் குற்றம் முழுவதும் அந்தச் செயலில் இருக்கிறது.

'டி.சி.' என்றால் என்னவென்று தெரியாதவன் அல்ல நான். செங்கல்பட்டு வரலாற்றை ஆர்வமாகப் படித்தவன். இந்த மாவட்டத்தில் ஊர் நிலத்தின் மீதான உரிமை மிராசுதாரர்கள் கையில் இருந்தது. பயிரிடாமல் கிடந்த தரிசுக்கும் முதல் உரிமை அவர்களுடையதே. பறையர் குடும்பம் ஒன்று தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து மனு போட்டால், மிராசுதாரர் ஆட்சேபம் தெரிவித்து அதைத் தடுத்துவிடுவார். வயலில் உழைப்பவருக்குக் குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இதையெல்லாம் விவரித்து 1891-ல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு, ஆங்கிலத்தில் 'டிப்ரஸ்டு கிளாஸ்', சுருக்கமாக டி.சி., தனியாக நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அப்படி ஒதுக்கியதே பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி வழங்கப்பட்டதாகச் சொல்வார்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பவை நிபந்தனைகள். அந்த நிபந்தனையைத்தான் 'டி.சி. கண்டிஷன்' என்று பதிவேட்டில் குறித்தார்கள்.

நிபந்தனை எழுத்தில் நின்றது. நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. கல்யாணக் கடன், பஞ்ச காலத்துக் கடன், மருத்துவக் கடன் என்று எதற்கோ வைத்த கைநாட்டு கிரயமாகிவிடும். 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், நிலத்தை அப்போது அனுபவித்தவர் பெயருக்குப் பல இடங்களில் பட்டா மாறியது. பழைய பதிவேட்டில் இருந்த டி.சி. குறிப்பு புதிய பதிவேட்டுக்கு வராமலே போனது. வில்லங்கச் சான்று கிரயம், அடமானம் போன்ற பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும்; நூறாண்டுக்கு முந்தைய ஒப்படை நிபந்தனையைக் காட்டாது. ஆகவே பட்டாவும் வில்லங்கமும் சுத்தமாக இருக்க, நிலம் மட்டும் இன்னொருவருடையதாக இருக்க முடியும்.

மாமல்லபுரம் பகுதியில் நிலம் வாங்குகிற எவரும் காரணை என்ற கிராமத்தை மறக்கக் கூடாது. அங்கே பஞ்சமி நிலத்தை மீட்க தலித் மக்கள் எழுந்தார்கள். மீட்ட இடத்தில் நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போராடினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து வருந்தியவர்களில் நானும் ஒருவன். என் பையில் அந்தப் பதிவேட்டுப் பக்கம் இருந்தபோது அந்த இரண்டு பெயர்களும் என் நினைவில் இருந்தன. இருந்தும் முன்பணம் கொடுத்தேன்.

வீட்டைக் கட்டி, சுற்றுச்சுவர் எழுப்பிக் குடியேறினேன். ஊர்க்காரர்கள் அன்பாகத்தான் பழகினார்கள். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். நல்ல மனிதர் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயருக்காகவே கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

தோட்டத்தில் களை எடுக்கக் காலனியிலிருந்து ஒரு மூதாட்டி வருவார். ஒருநாள் கிணற்றடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார்: "இது எங்க மாமனாரு பயிரு வச்ச எடம் சார். கேவுரும் மல்லாட்டையும் போடுவாரு. நாத்தனாரு கல்யாணத்துக்குக் கடன் வாங்கினாரு. கைநாட்டு வச்சுக்கினு எடத்த எடுத்துக்கினு பூட்டாங்க." அவர் பேச்சில் கோபம் இல்லை. என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. அவர் மாமனாரின் நிலத்தில் அவருக்கே நான் தினக்கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன். "அப்படியாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். அன்று கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பணத்தைக் கொடுத்துத் தப்பித்தேன்.

அதே காலத்தில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் உறவினர் ஒருவர் இந்தோனேசியாவில் லோம்போக் தீவுக் கிராமம் ஒன்றில் நிலம் வாங்க யோசனை கேட்டார். அந்த நாட்டின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை, அவர்கள் மொழியில் 'ஹக் மிலிக்', குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. வெளிநாட்டவர் பலர் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவைக்கிறார்கள். அப்படி வாங்காதே, ஏழை விவசாயியின் நிலம் பணக்கார வெளியாருக்குப் போகாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம், அதைச் சுற்றிக்கொண்டு போவது அநியாயம் என்று அவருக்கு நீளமாக எழுதினேன். எழுதியது பஞ்சமி நிலத்தில் கட்டிய வீட்டில் உட்கார்ந்து. அவர் என் பேச்சைக் கேட்டு வாங்காமல் விட்டார். சட்டமும் நியாயமும் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல இனி வழியே இல்லை.

பின்னர் ஊர் இளைஞர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழைய பதிவேடுகளின் நகல்களை வாங்கத் தொடங்கினார்கள். மீட்க வேண்டிய நிலங்களின் பட்டியலில் என் சர்வே எண்ணும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்போதாவது அவர்களிடம் போய் என்னிடமிருந்த பக்கத்தைக் கொடுத்திருக்கலாம். நான் தரகரைக் கூப்பிட்டேன். நிலம் விற்றது. வாங்கியவருக்கும் நான் எதையும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த அதே கட்டை, அந்த ஒரு பக்கம் இல்லாமல், அவர் கையில் கொடுத்தேன். அந்த மூதாட்டியின் குடும்பத்துக்கும் அவர்கள் நிலத்துக்கும் நடுவே இன்னொரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

இதை எழுதுவதற்கு முன்பு, அந்தப் பக்கத்தின் நகலோடு நடந்ததை எழுதி மாவட்ட ஆட்சியருக்கும், வாங்கியவருக்கும், ஊர் இளைஞர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். வாங்கியவரின் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு என்னுடையது என்றும் எழுதியிருக்கிறேன். இதனால் என் குற்றம் குறையாது. அந்தக் குடும்பம் கூலிக்கு உழைத்த ஆண்டுகளை என்னால் திருப்பித் தர முடியாது.

இந்தக் கடற்கரையில் நிலம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் சான்றிட்ட நகலை வாங்கிப் பாருங்கள். ஊரில் மூத்தவர்களிடம், குறிப்பாகக் காலனியில் இருப்பவர்களிடம், இது யார் பயிர் வைத்த இடம் என்று கேளுங்கள். விலை மிகக் குறைவாக இருந்தால் அதன் காரணம் தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டி.சி. என்ற எழுத்து கண்ணில் பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, தெரிந்தோ தெரியாமலோ அப்படியொரு நிலத்தில் குடியிருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். என்னைப் போல அதை விற்றுவிட்டு விலகாதீர்கள். உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.