மூஞ்சிக்கு எத்தனை மார்க்?

முதலில் ஒரு பாவமன்னிப்பு.

சில வருடங்களுக்கு முன், ஒரு கல்லூரி விழாவில் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். (பத்திரிகைக்காரன் என்றால் எல்லாவற்றுக்கும் மார்க் போடத் தெரிந்தவன் என்று நம் ஊரில் ஒரு மூடநம்பிக்கை உண்டு!) ஒரு பையன் பிரமாதமாகப் பேசினான். ஆனால், மேடையேறியபோது எங்களுக்கு ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை. விறைப்பாக வந்தான், கையைக் கட்டிக்கொண்டு பேசினான், போய்விட்டான். ‘அவ்வளவு திமிரா?’ என்று என் பேனா இரண்டு மார்க்கைக் குறைத்தது. அரை மார்க்கில் முதல் பரிசு அவன் கையை விட்டுப் போனது.

விழா முடிந்து டீ குடிக்கும்போது அவனுடைய பேராசிரியர் சொன்னார்... “அவனுக்கு இதான் சார் முதல் மேடை. கை நடுங்குறது தெரியக் கூடாதுன்னு கட்டிக்கிட்டான். பயத்துல யாரையும் நிமிர்ந்தே பார்க்கல!”

நான் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அமெரிக்க பேஸ்பால் விருதுகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது அந்த அரை மார்க் மறுபடி வந்து என் எதிரே உட்கார்ந்துகொண்டது. பேஸ்பாலுக்கும் பேச்சுப் போட்டிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப்போனால்தான் எனக்குத் தூக்கம் வரும். பேஸ்பால், என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகளின் சொர்க்கம். யார் எத்தனை முறை அடித்தார், எத்தனை ஹோம் ரன் (நம்ம சிக்ஸருக்குப் பங்காளி முறை) என்று நூறு வருடங்களுக்கு மேலாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே, விருது கொடுத்தவர் பாரபட்சம் காட்டினாரா என்று பின்னாளில் ஆடிட் செய்து பார்க்கலாம்.

அங்கே அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு உண்டு. ஒவ்வொன்றிலும் வருடா வருடம் ‘மிகவும் மதிப்பு வாய்ந்த ஆட்டக்காரர்’ என்று ஒருவருக்கு விருது. 1931-லிருந்து இதைத் தீர்மானிப்பவர்கள், சாட்சாத் பத்திரிகையாளர்கள்! இன்றைக்கு, ஒவ்வொரு அணியின் ஊரிலிருந்தும் இரண்டு பேர் வீதம், லீகுக்கு 30 ஓட்டு. ஒவ்வொருவரும் பத்துப் பெயர்களை வரிசையாக எழுத வேண்டும். முதல் பெயருக்கு 14 புள்ளி, அடுத்ததற்கு 9, பிறகு 8, 7 என்று இறங்கி பத்தாவது பெயருக்கு 1.

‘மதிப்பு’ என்றால் என்ன? அதற்குத் திட்டவட்டமான விளக்கம் கிடையாது என்று விதிமுறையிலேயே சொல்லிவிட்டார்கள். அதோடு, எதையெல்லாம் பார்க்கலாம் என்ற பட்டியலில் ஆட்டத்திறமைக்குப் பக்கத்திலேயே குணம், சுபாவம், விசுவாசம், உழைப்பு என்றும் ஒரு வரி! ஆக, மூஞ்சிக்கு மார்க் போட லைசென்ஸே கொடுத்தாயிற்று.

1947-ஐ எடுத்துக்கொள்வோம். பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் அந்த வருடம் பேட்டிங் சராசரி (0.343), ஹோம் ரன் (32), தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன் (114) மூன்றிலும் அமெரிக்கன் லீகிலேயே முதலிடம். நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ மூன்றிலும் அவருக்குக் கீழே. விருது யாருக்கு? டிமாஜியோவுக்கு. 202-க்கு 201. ஒரே ஒரு புள்ளி!

யாங்கீஸ் அணிதான் அந்த வருடம் லீகில் ஜெயித்தது; ‘அணிக்கு மதிப்பு’ என்று வாதாட அது போதும். ஆனால், வில்லியம்ஸுக்கும் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கும் ஆகவே ஆகாது என்பதும் ஊரறிந்த கதை. ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் தன் பத்துப் பெயர்களில் வில்லியம்ஸைப் பத்தாவதாகக்கூட எழுதவில்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, அது பழைய கதை என்பீர்கள். 1995-க்கு வாருங்கள். கிளீவ்லாந்தின் ஆல்பர்ட் பெல் ஒரே சீஸனில் 50 ஹோம் ரன், 52 டபுள் (ஓர் அடியில் இரண்டாவது பேஸ்வரை ஓடுவது) அடித்தார். அதற்கு முன்பும் யாரும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. அதுவும் வேலைநிறுத்தத்தால் 144 ஆட்டங்களாகச் சுருங்கிய சீஸனில். அவருடைய அணி 100 ஆட்டங்களில் ஜெயித்தது. விருது பாஸ்டனின் மோ வானுக்குப் போனது. 39 ஹோம் ரன். வித்தியாசம் 8 புள்ளி. மோ வான் எல்லோருக்கும் பிடித்த மனிதர். பெல்லோ நிருபர்களைக் கண்டாலே எரிந்துவிழுவார். முந்தின வருடம் மட்டையில் தில்லுமுல்லு செய்து சஸ்பெண்ட் ஆனதும் உண்டு.

கவனியுங்கள்... இருவருமே கறுப்பினத்தவர்கள். நிறம் இங்கே டேலி ஆகிவிட்டது. உதைத்தது குணக் கணக்குதான்.

அப்படியென்றால் முசுடுகளுக்கு விருதே கிடைக்காதா? பாரி பாண்ட்ஸ் என்று ஒருவர். பத்திரிகைக்காரர்களுடன் உரசிக்கொண்டே இருந்த ஆசாமி. அவருக்கு ஏழு முறை கொடுத்தார்கள்! ஆக, ஒருவன் வெகு தூரம் முன்னால் ஓடும்போது யாரும் அவன் மூஞ்சியைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போதுதான் பார்க்கிறார்கள். என் அரை மார்க் மாதிரி!

‘நிறத்துக்கு மார்க் குறைக்கவே இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் தேடினேன். ஜாக்கி ராபின்சன் கறுப்பர்களுக்கான கதவைத் திறந்தது 1947 ஏப்ரலில். 1949 முதல் 1959 வரை பதினோரு வருடங்களில் நேஷனல் லீக் விருது ஒன்பது முறை கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் போயிருக்கிறது. அட, பரவாயில்லையே என்று அமெரிக்கன் லீகைப் பார்த்தால்... முதல் கறுப்பருக்கு விருது கிடைத்தது 1963-ல், எல்ஸ்டன் ஹோவர்டுக்கு. இரண்டு லீகுக்கும் ஓட்டுப் போட்டது ஒரே பத்திரிகையாளர் சங்கம்தான். பிறகு ஏன்? அமெரிக்கன் லீக் அணிகள் கறுப்பர்களைச் சேர்க்க ஆமை வேகத்தில் நடந்தன. கடைசியாகச் சேர்த்தது வில்லியம்ஸின் ரெட் சாக்ஸ், 1959-ல்.

ஆக, நிறம் தன் வேலையை ஓட்டுச் சீட்டு அச்சாகும் முன்பே முடித்துவிட்டது. ஜாஷ் கிப்சன் என்ற மகா பேட்ஸ்மேன், கறுப்பர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட லீகுகளிலேயே ஆடி, 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். ராபின்சன் களமிறங்க மூன்று மாதம் இருந்தது. அதே 1947-ல் வில்லியம்ஸுக்குக் குறைந்தது ஒரு புள்ளி. கிப்சனுக்குச் சீட்டே கிடையாது. எந்த ஆடிட்டர் இதைக் கண்டுபிடிப்பார்? பேரேட்டில் பக்கமே இல்லையே!

மார்க் போடும் பக்கமும் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்தச் சங்கத்தில் கறுப்பினப் பத்திரிகையாளர் சாம் லேசி உறுப்பினரானது 1948-ல்தான். லாண்டிஸ் என்பவர் பேஸ்பாலின் தலைமைப் பதவியில் இருந்த காலம் முழுக்க ஒரு கறுப்பரும் உள்ளே வரவில்லை. அவர் பெயர் பொறித்த கேடயத்தைத்தான் விருதாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2020-ல்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள்.

வில்லியம்ஸ் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. அவருடைய அம்மா மெக்சிகோ வம்சாவளி. அம்மாவின் குடும்பப் பெயரோடு வளர்ந்திருந்தால் தனக்கும் சிக்கல் வந்திருக்கும் என்று பின்னாளில் அவரே எழுதினார். 1966-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, மேடையில் தன் ஒரு புள்ளிக்காக அழவில்லை மனுஷன். வாய்ப்பே தரப்படாததால் வெளியே நிற்கும் கிப்சன், சாட்செல் பெய்ஜ் போன்றவர்களும் ஒருநாள் இங்கே வர வேண்டும் என்றார். பெய்ஜ் 1971-ல் வந்தார். கிப்சன் 1972-ல், இறந்து 25 வருடம் கழித்து.

எரிந்துவிழுகிற ஆள் என்று மார்க் குறைக்கப்பட்டவருக்குள் இருந்த மனசு இது. எந்த நிருபரின் சீட்டிலும் இதற்குக் கட்டம் இல்லை.

2012 முதல் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் பெயரோடு வெளியிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. என் மார்க் ஷீட்டையும் பெயர் போட்டு கல்லூரி வாசலில் ஒட்டியிருந்தால், அந்த இரண்டு மார்க்கைக் குறைத்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன்.

நீங்களும் எங்கோ ஒரு நடுவர்தான் ஸார். ஆபீஸில் வருடாந்திர மதிப்பெண் போடுகிறீர்கள், வகுப்பில் இன்டர்னல் மார்க் போடுகிறீர்கள், பெண் பார்க்கப் போய் ‘பொண்ணுக்குக் கொஞ்சம் திமிரு’ என்று காபி டம்ளரைக் கீழே வைக்கிறீர்கள். அடுத்த முறை பேனா தானாகக் கீழே இறங்கினால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். எதிரே இருப்பது திமிரா, நடுக்கமா?

நான் இதைக் கேட்டுக்கொண்டது டீக்கு அப்புறம்.