கூட்டச் சொன்னால் ஒட்டுகிறது!

எங்கள் மகளிர் குழுவின் கணக்கை மொபைலில் பார்க்க மகள் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் எழுதித் தந்தாள். சந்தா 500, அபராதம் 50 என்று தட்டினால் மொத்தம் 50050!

கட்டத்தில் தட்டுவதை அது எழுத்தாகத்தான் வாங்குமாம். கூட்டல் குறி எழுத்துகளை ஒட்டிவிடும். கழித்தலுக்கோ தானே எண்ணாக மாற்றிக்கொண்டு சரியாக 450 காட்டும். பாதி சரியாக வந்தால் மீதியையும் நம்பிவிடுவோமே, அதுதான் வம்பு. ‘நம்பர்’ போட்டு எண்ணாக்கிய பிறகே கூட்ட வேண்டும். 1995-இல் பிரண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி. பழைய வலைப்பக்கங்கள் கெட்டுவிடுமே என்று இந்தக் குணங்களை இன்னும் மாற்றவில்லை.

50050 கண்ணில் பட்டுவிட்டது. படாதது இன்னொன்று. பிரசவத்துக்குப் போன ஒருவருக்கு அந்த மாதம் விலக்கு, அதனால் 0 போட்டிருந்தோம். அவர் பெயர் ‘கட்டாதவர்’ பட்டியலில்! இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால் எண் 0-வும் காலிக் கட்டமும் அதற்கு ஒன்றுதானாம். கட்டாதவர் என்று பேர் வந்தால் எங்கள் குழுவில் அடுத்த கடன் எழுதமாட்டார்கள். மகள் மூன்று சமக்குறியாக மாற்றினாள். ‘நம்பர்’ காலிக் கட்டத்தையும் 0 ஆக்கிவிடும் என்பதால், காலியா என்று முதலில் பார்க்கவும் ஒரு வரி சேர்த்தாள். பட்டியலில் இப்போது நிஜமாகவே கட்டாத இரண்டு பேர்தான்.