தணிகையில் வாசித்த மணிமேகலை

சூரனை வென்ற முருகன் சினம் தணிந்த தலம் திருத்தணிகை. ஆகவே இங்குச் சூரசம்ஹாரம் நடைபெறுவதில்லை. 2021இல் நம் சினமோ தணியவில்லை. பெருந்தொற்றின்போது மருத்துவமனையொன்று படுக்கையில்லையெனத் திருப்பியனுப்ப, அன்னையை இழந்திருந்தோம்.

அந்நாள்களில் துணையானது பௌத்தக் காப்பியமான மணிமேகலை. (வகுப்பில் பலமுறை நடத்திய நூல்தான்!) மைத்திரி, கருணை, முதிதை மூன்றையும் இறுதிக் காதையில் சொல்லும் சாத்தனார், நான்காவதான உபேக்கையை, நிலைகுலையா மனத்தை, அவ்விடத்தில் பெயர்சுட்டவில்லை. சிறைவிடு காதையில் அதைக் கண்டோம். மகனைப் பறிகொடுத்த அரசி, மணிமேகலைக்குப் பித்தேற்றும் மருந்தூட்டுகிறாள், பட்டினியிட்டு அடைக்கிறாள். மணிமேகலை வெகுளவில்லை. அரசி அஞ்சி வணங்கியதும், அழுதது உடலுக்கா உயிருக்கா என வினவி, அத்துயரை ஆற்றப் புகுகிறாள். உபேக்கையை அலட்சியமென்று எண்ணுவோர் இவ்விடத்தைப் படிக்கவேண்டும்.

முதல் வாசிப்பில் நாம் அரசியின் பக்கமே நின்றோம். அவ்வினாவுக்கு நம்மிடம் விடையிருந்தது: உடலுக்குத்தான், இம்மலையின் 365 படிகளிலும் நாம் கைபிடித்து ஏற்றிச்சென்ற அந்த உடலுக்கு.