மெட்டில் வாழும் பெயர்கள்

தோற்றுவாய்

மறைந்தோரை நினைவிற் போற்றுதல் மாந்தர் இனம் அனைத்திற்கும் பொதுவான பண்பாகும். கல் நட்டுப் போற்றினர் சிலர். கட்டடம் எழுப்பிப் போற்றினர் சிலர். பாட்டியற்றிப் போற்றினர் சிலர். பாரிக்கும் அதியமானுக்கும் எழுந்த கையறுநிலைப் பாடல்களைப் பயிலும் தமிழ்த்துறையினராகிய நமக்கு இஃது புதிய செய்தியன்று. எனினும் அப்பாடல்களைப் பயிற்றும்போதெல்லாம் ஒரு வினா எம் உள்ளத்தே எழுவதுண்டு. புரவலனின் பெயர் நின்றது; புலவரின் பெயரும் பெரும்பாலும் நின்றது. அப்புரவலனின் முற்றத்தில் யாழ் மீட்டிய பாணரும் உடன் ஆடிய விறலியரும் பெரும்பாலும் பெயர் தெரியாமலே போயினரே! பிறர் மகிழ இசைத்தும் ஆடியும் மறைந்தவரை எவர், எங்ஙனம் நினைவிற் கொள்வது?

இவ்வினாவுக்கு ஒரு விடையை, ஐரோப்பாவின் மேற்கு எல்லையில் உள்ள அயர்லாந்துத் தீவின் மரபிசைச் சமூகம் தன் வாழ்க்கை முறையாலேயே தந்துகொண்டிருக்கிறது. அந்நாட்டு மண்ணை யாம் மிதித்ததில்லை. ஒலிப்பதிவுகளும், அவற்றோடு இணைத்து வெளியிடப்படும் குறிப்புரைகளும், சில நூல்களுமே எமக்கு வாய்த்த வழிகள். அக்குறிப்புரைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப எம் கண்ணிற் பட்டது. பல மெட்டுகளுக்கும் எதிரே, இஃது இன்னாரிடம் கேட்டது, அவர் இன்னாரிடம் கற்றது என்று ஒரு வரி இருந்தது. அவ்வரிகளில் இடம்பெறுவோருள் பலர் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அந்த ஒரு வரியே இக்கட்டுரைக்கு வித்து.

பெயர் சூட்டும் மரபு

அயர்லாந்தின் மரபிசை பெரும்பாலும் ஆடலுக்குரியது. ரீல், ஜிக், ஹார்ன்பைப் என்பன அதன் வகைகள். பிடில், புல்லாங்குழல், அக்கார்டியன், முழங்கையால் துருத்தியை இயக்கி வாசிக்கப்பெறும் துருத்திக்குழல் ஆகியவை அதற்குரிய கருவிகளுட் சில. ஏட்டைப் பார்த்துக் கற்பதினும் செவிவழிக் கற்பதே அங்கு பழமையான முறை. மெட்டுகள் பலவற்றை இயற்றியவர் யாவர் என்பது தெரியாது. ஆகவே, எவரிடம் கேட்டனரோ அவர் பெயரையே மெட்டுக்குச் சூட்டிவிடுகின்றனர்.

இன்று உலகெங்கும் தொடக்கநிலை மாணாக்கர் பயிலும் மெட்டுகளுள் ஒன்று 'கூலியின் ரீல்' என்பது. கால்வே மாவட்டத்துப் பீட்டர்ஸ்வெல் ஊரினரான ஜோ கூலி (1924–1973) எனும் அக்கார்டியன் கலைஞரின் பெயர் அது. அமெரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்த அவர், வாழ்நாளின் இறுதியில் தாயகம் மீண்டார். 1973 ஆம் ஆண்டின் கடைசியில், காட் எனும் சிற்றூரின் விடுதி ஒன்றில் ஊரார் சூழ அமர்ந்து வாசித்தார். அவ்வாசிப்பைப் பதிவு செய்துகொண்டனர். அதன்பின் சில வாரங்களே அவர் உயிர் வாழ்ந்தார். அப்பதிவு 1975 இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அவர் முகத்தைக் கண்டிராத சிறுவர் சிறுமியர் இன்றும் அவர் பெயரைச் சொல்லியே அம்மெட்டைத் தொடங்குகின்றனர்.

நபிமொழிக் கலையில் 'இஸ்னாத்' எனப்படும் அறிவிப்பாளர் தொடரை அறிந்த நம் கல்லூரி மாணாக்கருக்கு இவ்விடத்தே ஓர் எண்ணம் தோன்றலாம். அதன் புனிதம் வேறு. அதற்குரிய ஆய்வுநெறியின் கடுமை வேறு. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது. ஆயினும், பெற்ற பொருளோடு தந்தவர் பெயரையும் சேர்த்தே கையளித்தல் வேண்டும் என்னும் நன்றியுணர்வு மானிடர்க்குப் பொதுவானது என்பதை அத்தீவினரின் வழக்கம் எமக்கு உணர்த்திற்று.

கேரட் பாரி முதல் கிளான்சி வரை

இத்தொடர் எங்ஙனம் அறாமல் வருகிறது என்பதற்குக் கிளேர் மாவட்டத்தின் வரலாறு ஒன்றே போதும். 1845 இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் அயர்லாந்து மக்களுள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேருக்கு மேல் நாட்டை விட்டு வெளியேறினர். அப்பஞ்சத்தின் கொடிய ஆண்டாகிய 1847 இல் பிறந்தவர் கேரட் பாரி. பார்வையற்றவர், துருத்திக்குழல் வாசித்து வாழ்ந்தவர். 1899 இல் ஏழையர் விடுதியில் அவர் உயிர் பிரிந்தது. அவர் இசையைப் பதிவு செய்த கருவி ஒன்றும் இல்லை. செல்வமும் இல்லை, சிலையும் எழவில்லை.

ஆனால் அவர் வாசிக்கக் கேட்டவருள் கில்பர்ட் கிளான்சி என்பார் ஒருவர் இருந்தார். கேட்டவற்றை நெஞ்சிற் பதித்துத் தம் மகனுக்கு உரைத்தார். அம்மகனே வில்லி கிளான்சி (1918–1973). பாரி மறைந்து 19 ஆண்டுகள் கழிந்தபின் பிறந்த வில்லி, தந்தையின் வாய்வழியே பாரியின் மெட்டுகளைப் பெற்றார். 'கேரட் பாரியின் ஜிக்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

வில்லி கிளான்சிக்கு மற்றொரு வாயிலும் இருந்தது. நாடோடி மரபைச் சேர்ந்த ஜானி டோரன் (1908–1950) குதிரை வண்டியில் ஊர் ஊராய்ச் சென்று சந்தைகளிலும் பந்தயத் திடல்களிலும் குழல் வாசித்து வந்தார். 1936 இல் மில்டவுன் மல்பே ஊரில் அவர் வாசிப்பைக் கேட்ட வில்லி, அதன்பின் அவரைப் பின்தொடர்ந்தார். 1938 இல் டோரனின் தம்பி ஃபீலிக்ஸ் வழியாகவே வில்லிக்கு முதற்குழல் கிடைத்தது. டோரனின் வாசிப்பை 1947 இல், பிடில் கலைஞர் ஜான் கெல்லியின் தூண்டுதலால், அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தார் பதிவு செய்தனர். மறு ஆண்டின் தொடக்கத்தில் டப்ளின் நகரில் சுவரொன்று சரிந்து டோரனின் வண்டிமேல் வீழ்ந்தது. அக்காயத்தினின்று அவர் முற்றும் மீளவில்லை. 1950 இல் மறைந்தார். அந்தச் சில மெட்டுகளின் பதிவு நிகழாதிருப்பின், ஒரு பெருங்கலைஞரின் வாசிப்பு எவ்வாறு இருந்தது என்பதை அறிய நமக்கு வழியே இராது. அப்பதிவைக் கேட்கும்போது, சில திங்களில் நேரவிருந்தது இன்னதென்று அறியாத ஒருவரின் ஊக்கமே அதில் ஒலிக்கிறது. எம்மால் அதனைப் பாதியில் நிறுத்த இயலவில்லை.

தச்சுத் தொழிலால் வாழ்ந்த வில்லி கிளான்சி 1973 சனவரியில் காலமானார். அவ்வாண்டுக் கோடையிலேயே நண்பர்கள் அவர் பெயரால் மில்டவுன் மல்பேயில் இசைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினர். ஆண்டுதோறும் சூலைத் திங்களில் ஒரு கிழமை நடைபெறும் அப்பள்ளிக்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் மாணாக்கர் வருகின்றனர். சிலை வைப்பதற்கு முன் வகுப்பு வைத்தனர் என்பது சிந்திக்கத் தக்கது.

கையெழுத்துத் தாள்களும் கருவிகளும்

கெர்ரி, கார்க் மாவட்டங்களின் எல்லையில் ஷ்லீவ் லூக்ரா என்றோர் மலைப்பகுதி உண்டு. அங்கே போட்ரிக் ஓ கீஃப் (1887–1963) என்னும் பள்ளியாசிரியர் வாழ்ந்தார். ஆசிரியப் பணி கைவிட்டுப் போனபின், வீடு வீடாய் நடந்து சென்று பிடில் கற்பித்தார். நரம்புகளைக் குறிக்க நான்கு இடைவெளிகள், விரல்களைக் குறிக்க எண்கள் எனத் தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்து, மெட்டுகளைத் தாளில் எழுதித் தந்தார். அவருடைய மாணாக்கராகிய டெனிஸ் மர்ஃபியும், தங்கை ஜூலியா கிளிஃபர்டும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 1969 இல் வெளிவந்தது. டெனிஸ் 1974 இலும் ஜூலியா 1997 இலும் மறைந்தனர். ஆசான் எழுதித் தந்த தாள்களை அப்பகுதியினர் செல்வமாகப் போற்றிக் காத்தனர்.

கருவியும் கைமாறுவதுண்டு. ஷேமஸ் என்னிஸ் (1919–1982) சிறந்த குழலிசைஞர். நாட்டார் இசையைத் தேடிச் சிற்றூர்தோறும் அலைந்து தொகுத்தவர். அவர் வாசித்த பழங்குழல் அவர் தந்தையார் இலண்டனில் வாங்கியது. அதனைத் தமக்குப்பின் லியம் ஓ ஃபிளின் (1945–2018) என்னும் இளையவர்க்கு உரிமையாக்கிச் சென்றார். லியமோ, லியோ ரௌசம், வில்லி கிளான்சி, ஷேமஸ் என்னிஸ் ஆகிய மூவரிடமும் பயின்றவர். அம்மூவருள் ரௌசம் 1970 இல் இசைப்போட்டி ஒன்றில் நடுவராய் வீற்றிருந்தபோதே உயிர் நீத்தார். கவிஞர் ஷேமஸ் ஹீனி 2013 இல் மறைந்தபோது, அவருடைய இறுதிச் சடங்கில் லியம் குழல் வாசித்தார். ஐந்தாண்டுகளில் லியமும் சென்றார். துருத்திக்குழல் இசையை 2017 இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிடரின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அதனை லியம் கண்டு சென்றார் என்பது நமக்கோர் ஆறுதல்.

அடியோசை

இசைக்கேனும் ஒலிப்பதிவு துணை நிற்கும். ஆடலின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. மரத்தளத்தில் எழுந்த அடியோசை அக்கணமே மறையும். வட கெர்ரியில் ஊர்தோறும் சென்று ஆடல் கற்பித்த ஜெரமையா மாலினோ போன்ற ஆசான்மாரின் அடவுகள், மாணாக்கரின் கால்களில் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. அக்கால்கள் ஓய்ந்தால் ஆசானும் மறைவார்.

இசையும் ஆடலும் சிற்றூர் வீடுகளின் சமையற்கட்டில் வாழ்ந்த காலம் ஒன்றிருந்தது. 1935 இல் இயற்றப்பட்ட பொது நடன அரங்குச் சட்டம் உரிமம் இன்றி நடனம் நடத்தலைத் தடுத்தது; வீடுகளில் நிகழ்ந்த கூட்டங்களும் அதனால் நலிந்தன. அந்நலிவைக் கண்டு வருந்தியவருள் கிளேர் மாவட்டத்துப் பிடில் கலைஞர் ஜூனியர் கிரெஹான் (1908–1998) ஒருவர். அவர் நாட்டுப்புற வீட்டு நடனத்திற்கே ஓர் இரங்கல் மெட்டு அமைத்தார். மனிதருக்கு இரங்கல் பாடுதலை அறிவோம். ஒரு வழக்கத்தின் மறைவுக்கு இரங்கல் இசைத்தார் அவர்.

நான்கு இணைகள் சதுரமாய் நின்று ஆடும் 'செட்' நடனமும் அருகி வந்தது. டிப்பரரி மாவட்டத்துக் கானி ரயன் (1939–1997) ஊர்தோறும் முதியோரை நாடிச் சென்று, அவ்வவ்வூருக்குரிய ஆடல் முறைகளைக் கேட்டறிந்து, ஆயிரக்கணக்கானோர்க்குக் கற்பித்தார். இன்று அவ்வாடல் மீண்டும் தழைத்திருப்பதற்கு அவர் போன்றோரின் உழைப்பே காரணம்.

கடல் கடந்தோர்

நாட்டை விட்டுச் சென்றோரும் மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தில் 1848 இல் பிறந்த பிரான்சிஸ் ஓ நீல், அமெரிக்கா சென்று 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராய் விளங்கினார். இசைக்குறியீடு எழுத அறியாத அவர், பிறர் துணையோடு 1903 இல் 1850 மெட்டுகள் அடங்கிய பெருந்தொகுப்பை வெளியிட்டார். 1913 இல் இசைவாணரின் வாழ்க்கை வரலாறுகளையும் நூலாக்கினார். ஸ்லைகோ மாவட்டத்து மைக்கேல் கோல்மன் (1891–1945) நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுகள் தாயகம் சென்றடைந்து, அங்கிருந்த பிடில் கலைஞர்க்கே ஆசானாயின.

பெயரற்றவை

இத்துணை நினைவாற்றல் உடைய சமூகத்திலும் மறதி உண்டு. அயர்லாந்து மொழியில் 'கன் அனிம்' என்றொரு தொடர் உண்டு. பெயர் இல்லை என்பது அதன் பொருள். தொகுப்பு நூல்களில் மெட்டுகள் பலவற்றுக்கு மேலே இத்தொடரே தலைப்பாய் நிற்கும். பிரெண்டன் ப்ரனாக் (1912–1985) என்னும் தொகுப்பாளர் 1963 இல் வெளியிட்ட ஆடலிசைத் தொகுப்பில், மெட்டுகளை யாவரிடம் பெற்றார் என்பதைக் குறித்து வைத்தார். அவ்வாறு குறிப்பார் இல்லாத இடங்களிலேதான் பெயர்கள் உதிர்ந்தன. பெண்டிர் பெயர்கள் அங்ஙனம் உதிர்ந்தமை மிகுதி. புகழ்பெற்ற கன்செர்ட்டினாக் கலைஞர் எலிசபெத் கிராட்டி (1885–1960) கூடத் 'திருமதி கிராட்டி' என்று கணவர் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறார்.

நிறைவுரை

இவற்றையெல்லாம் படித்தும் கேட்டும் வந்த நாள்களில், எமக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவரின் நினைவு அடிக்கடி எழுந்தது. எப்பாட்டுக்கு உரை சொல்லினும், அவ்வுரை தமக்கு எவரிடமிருந்து கிடைத்தது என்பதைச் சொல்லாமல் அவர் மேற்செல்லார். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவர் எழுதிய நூல் ஒன்றும் இல்லை. இன்று அவ்வுரையை யாம் வகுப்பிற் சொல்லும்போது அவர் பெயரையும், அவர்தம் ஆசான் பெயரையும் சேர்த்தே சொல்கின்றோம். அவரைக் கண்டிராத மாணவியர் அப்பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். அதனைக் காணுந்தோறும் எம் நெஞ்சம் நிறைகிறது.

மாணவச் செல்வங்களே! நீவிர் நாளை கற்பிப்பீர், பாடுவீர், தொழில் பயிற்றுவீர். உமக்குக் கிடைத்தவை யாவும் ஒருவர் கையிலிருந்து வந்தவையே. பிறர்க்கு அவற்றைத் தரும்போது தந்தவர் பெயரையும் உடன் தருக. பார்வையிழந்து ஏழையர் விடுதியில் மறைந்த கேரட் பாரியின் பெயர் நூற்றாண்டு கடந்தும் நிற்கிறதெனின், ஒரு தந்தை தம் மகனிடம் அதனைச் சொன்னார் என்பதே காரணம். அத்துணை எளிய செயலைச் செய்ய நம் அனைவர்க்கும் இயலும். அதற்குரிய நல்லுள்ளத்தை இறைவன் நமக்கு அருள்வானாக!