கண் திறக்கும் ஊர்

நவராத்திரிக்கு நம் வீட்டுப் படியில் வந்து உட்காரும் தசாவதாரமும் செட்டியார் கடையும் எங்கே பிறக்கின்றன என்று என்றைக்காவது யோசித்ததுண்டா, சகோதரிகளே? எங்கள் மதுரைப் பக்கத்தில் கேட்டால் விளாச்சேரி என்பார்கள். பெரியார் நிலையத்தில் டவுன் பஸ் ஏறி, பழங்காநத்தம், பசுமலை தாண்டினால் கொஞ்ச தூரம்தான். திருப்பரங்குன்றத்து மலை கூடவே வரும். தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் 1870-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவர் வீடு இப்போது நினைவு இல்லம்.

இந்தத் தடவை நான் போனது கொலுவுக்காக அல்ல. நாத்தனார் மகள் பொறியியல் படிக்கிறாள். லீவில் ஆறு வாரம், பரங்குன்றம் பக்கம் ஒரு கல்லூரியின் பரிசோதனைச் சாலையில் பயிற்சி. 'இன்டர்ன்ஷிப்' என்கிறார்கள். என்ன வேலை தெரியுமா? சிரிக்கவும், முகம் சுளிக்கவும், ஆச்சரியப்படவும் தெரிந்த ஒரு ரோபோ செய்வது! உடம்பு கிடையாது, தலையும் கழுத்தும் மட்டும். தீப்பெட்டி அளவு மோட்டார்கள் பின்னால் இருந்து புருவத்தையும் இமையையும் உதட்டு ஓரத்தையும் இழுக்கின்றன. நெற்றியில் ஒரு காமிரா. எதிரே இருப்பவர் சிரிக்கிறாரா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, பதிலுக்கு இதைச் சிரிக்க வைக்கும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் சிந்தியா பிரீசியல் என்ற பெண்மணி 1990-களின் கடைசியிலேயே 'கிஸ்மெட்' என்று இப்படி ஒரு தலை செய்து வைத்தாராம். பெரிய காது, தடித்த புருவம், சிவப்பு உதடு. இப்போது அது மியூசியத்தில் இருக்கிறது.

இவர்களுடைய தலைக்கு முதலில் ரப்பர் மாதிரி சிலிக்கான் தோல் போட்டு, அச்சு அசல் மனுஷ முகமாகவே செய்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி தன் மூன்று வயதுக் குழந்தையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். அது சிரித்ததோ இல்லையோ, குழந்தை வீரிட்டு அலறி அம்மா முந்தானைக்குள் புகுந்துகொண்டது. மனுஷ முகம் போலவே இருந்து, ஒரு நூல் மட்டும் தப்பினால்தான் நமக்குத் திகில் வரும் என்று ஜப்பானியர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதியிருக்கிறாராம். பொம்மை பொம்மையாக இருந்தால் பயமில்லை. நம் கிராமத்து அய்யனார் குதிரையை எந்தக் குழந்தையாவது நிஜக் குதிரை என்று நினைக்கிறதா?

"அத்தை, விளாச்சேரியில கண்ணு எழுதுறதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும், கூட்டிட்டுப் போறீங்களா?" என்று வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி.

தெருவில் திண்ணைக்குத் திண்ணை பொம்மைதான். களிமண்ணை மிதித்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, காயவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். காகிதக் கூழிலும் செய்கிறார்கள். விநாயகர், அழகர், மீனாட்சி கல்யாண செட், கிறிஸ்துமஸ் குடில் எல்லாம் ஒரே வெயிலில் காய்கின்றன. நாலு நாள் மழை பிடித்தால் காயப்போட்ட மண் அப்படியே நிற்கும், ஆர்டர் தள்ளிப்போகும். வண்ணம் தீட்டுவது பெரும்பாலும் பெண்கள். கடைசியில்தான் கண்.

அறுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் மீனாட்சிக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். மெல்லிய தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு.

"சிரிக்க வைக்க வாயைத் தொடாதத்தா. வாயை எல்லாரும் இழுத்துருவாக. இமையை அரை நூல் கீழே இறக்கு, தானாச் சிரிக்கும்" என்றார்.

இவள் நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டாள். அவர்கள் தலையில் உதட்டுக்குத்தான் மோட்டார் அதிகமாம். இமைக்கு ஒன்றே ஒன்று! மீன் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும் என்று மீனாட்சி பெயருக்கு நாம் காரணம் சொல்வோமே, அது எனக்கு ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த தொல்காப்பியத்து மெய்ப்பாடு எட்டையும் அவளிடம் சொன்னேன். பால் எக்மன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், உலகம் முழுவதும் பொதுவான முகபாவம் ஆறு என்றாராம். சிரிப்பும் அழுகையும் பயமும் கோபமும் இரண்டிலும் உண்டு. பெருமிதம் மட்டும் அவருடைய ஆறில் இல்லை. "அதை மோட்டார்ல எப்படி அத்தை காட்டுறது?" என்று சிரித்தாள்.

இதெல்லாம் எதற்கு என்று என்னைப் போலவே நீங்களும் கேட்பீர்கள். 2019-ல் வயநாட்டில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் 'பெப்பே' என்று, கை வடிவத்தில் கண்ணும் வாயும் வைத்த ரோபோ ஒன்றைக் கை கழுவும் இடத்துக்கு மேல் மாட்டினார்கள். அம்ரிதா, கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தார் செய்தது. அது பிள்ளைகளோடு பேசிச் சோப்புப் போடச் சொல்லிற்று. கை கழுவுவது சுமார் 40 சதவிகிதம் கூடியதாம். வயிற்றுப்போக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். நாத்தனார் மகளின் தலையும் அந்த மாதிரி வேலைக்குத்தான். நல்ல காரியம், நடக்கட்டும்.

ஆனால் தொட்டில் பக்கம் அதைக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். எட்வர்ட் டிரானிக் என்ற நிபுணர் 1970-களில் ஒரு பரிசோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் அசைவே இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டிக் கூப்பிடுகிறது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. மடியில் பிள்ளையும் கையில் செல்போனுமாக உட்கார்ந்திருக்கும் இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த அம்மாள் எழுதியது மாறாத கண். நம் பிள்ளைக்கு வேண்டியது, அது தும்மினால் மாறுகிற முகம். மோட்டார் அதையும் ஒரு நாள் கற்றுக்கொள்ளும் என்கிறாள் இவள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

நீங்கள் விளாச்சேரிக்குப் போவதானால் ஆடி, ஆவணியில் போங்கள். வேலை நடப்பதைப் பார்க்கலாம். நவராத்திரி நெருங்கிவிட்டால் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது. முகத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரே அச்சில் வந்த பத்து மீனாட்சியிலும் பார்வை வேறு வேறு.

இவள் கண் எழுதாத செட்டியார் பொம்மை இரண்டு கேட்டாள், இமை எழுதிப் பழக. அதற்கும் அதே விலைதான் சொன்னார்கள்.